வழியில் நின்றுபோன இருமல்

வின்னிபெக். அதிகாலை இரண்டு பத்து.
மகளைப் போர்வையோடு அள்ளி வருகிறார் ஷார்ட்ரான்,
ஒரு காலில் பூட்ஸ், மறு காலில் வீட்டுச் செருப்பு.
"கடல்நாய் மாதிரி குரைத்தாள் டாக்டர்,
சத்தியமாய். கார் ஏறினதும் நின்றுபோச்சு."
அவளோ சமர்த்தாய்
என் அடையாள அட்டையைக் கடிக்கிறாள்.

பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர்போல் இப்படிக் கூசி நிற்பவர்களை
இருபத்தாறு குளிர்காலமாய்ப் பார்க்கிறேன்.
அதைத்தான் ஆராயப் போகிறேன் என்றபோது
நிதிக்குழு சிரித்தது:
கார் நிறுத்துமிடத்துக் காற்றுக்கா பணம்?

நானூற்றுச் சொச்சம் குழந்தைகள்.
பாதிப்பேர் கதவுக்கு வெளியே, பாதிப்பேர் உள்ளே,
நிறுத்துக் கடிகாரத்தோடு
மூக்கு சிவந்த ஒரு பயிற்சி மருத்துவன்.

கட்டுரையில் ஒரு வரி உண்டு:
இருவர் முடிக்கவில்லை.
ஒருத்தி தூங்கிவிட்டாள்.
மற்றவன்
தொண்டைக்குள் குழாயோடு பதினோரு நாள்.
அட்டவணையில் அவனுக்கு
ஒரு சிறு கோடு போதும் என்றார்கள்.
போட்டேன்.

"நம்புகிறேன்" என்கிறேன் ஷார்ட்ரானிடம்.
ஒரே வேளை மருந்து, செர்ரி வாசனை,
பாதியை என் சட்டையில் துப்புகிறாள்.

போகும்போது ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி ஓட்டுங்கள்.
மறுபடி குரைத்தால் வாருங்கள்.
குரைக்காமல் இழுத்தால்
செருப்பைக்கூடத் தேடாதீர்கள்.