உப்பு

வயல் பெமிற்றில்
பின்னுரித்தாளி என்ற இடத்தில்
ஒரே ஒரு பெயருக்குத்தான் கோடு.
ஐயா சின்னக்காவை எழுதினார்.
கதை அங்கேதான் தொடங்குதென்று நினைத்தேன்.

முதல் எழுதினபோது
அண்ணன் கத்தினான், கதவை உதைத்தான்.
வாசிக்க நல்லாத்தான் இருந்தது.
ஆனால் முரசுமோட்டையில் அப்போது
எங்களுக்குக் கதவே இல்லை,
தறப்பாள்.

கிழித்துப் போட்டு
இரண்டாம் முறை அவனைப் பேசாமல் விட்டேன்.
பேசாமல் மண்வெட்டியோடு போய்
விடிய விடிய
அக்காவின் வயலுக்குத் தண்ணீர் கட்டுகிறான்.
அவளும் பேசுவதில்லை.
சோறும் பயற்றங்காய்க் கறியும்
என் மகனிடம் கொடுத்தனுப்புகிறாள்,
கறி உப்பில்லாமல்.
வேண்டுமென்றேதான்.
அவன் வழித்துத் தின்றுவிட்டு
கோப்பையை வாய்க்காலில் கழுவி அனுப்புகிறான்.

பசுபதி, யோகமலர் என்று
பெயர்களை மாற்றித்தான் வைத்திருந்தேன்.
சின்னக்கா வாசித்து முடித்து
கண்ணாடியைக் கழற்றினாள்.
பெமிற்றைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"உப்புப் போட்டுத்தானே குடுத்தனான்.
இல்லையெண்டு உனக்கு ஆர் சொன்னது?"

அண்ணன்தான்.
ஒரு மாரிக்கு, வரம்பில் இருந்து,
சிரித்துக்கொண்டு.
நான் அதைச் சொல்லவில்லை.
அந்த வரியை வெட்டப் பேனையை எடுத்தேன்.

"வெட்டாதை. கிடக்கட்டும்.
அவனுக்கும் ஒண்டு குடு, வாசிக்கட்டும்."

பிறகு எழும்பிக் குசினிக்குப் போனவள்
அடுப்பில் கிடந்த கறியை
உள்ளங்கையில் விட்டு
நக்கிப் பார்த்தாள்.
இன்னொருக்காலும்
பார்த்தாள்.