இரண்டாவது ட்யூப்லைட்

காவேரிப்பட்டணம் மாம்பழக்கூழ் ஆலையில்
பதினான்கு சீசனாக ஆய்வக வேலை எனக்கு.
பெங்களூராக் கூழில் ஒரு சொட்டு
கண்ணாடித் தட்டில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தால்
இனிப்பு எவ்வளவு என்று ஒரு கோடு சொல்லும்.
கோடு பொய் சொல்லாது.
கண்ணைப் பார்த்துப் பேசு என்றும் கேட்காது.

மனிதர்களுக்கு அப்படியொரு கருவி இல்லை.
"சாப்பிட்டாச்சா" என்பது கேள்வியில்லை என்று தெரிய
எனக்கு இருபத்தாறு வயதானது.
அதுவரை
என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு,
ரசத்தில் உப்பு குறைவு என்பது வரை
சொல்லிக்கொண்டிருந்தேன்.

தோல் சீவும் கூடத்தில் மாதம்மா சிரித்தால்
இரண்டு விநாடி கழித்து நானும் சிரிப்பேன்.
அந்த இரண்டு விநாடியைத்தான்
திமிர் என்றார்கள்.
ராங்கி என்றார் மாமியார்.
கல்யாண மண்டபத்தில் மேளம் தொடங்கியதும்
கைகழுவும் இடத்தில் போய் நின்றுகொள்வதற்கு
யாரும் பெயர் வைக்கவில்லை.

தம்பி மகனைக் காட்டப் போயிருந்தோம்,
கிருஷ்ணகிரியில் ஒரு மாடி அறைக்கு.
சட்டைக் காலரின் துணிப்பட்டி குத்துகிறது என்பானா?
வெட்டி எறிந்துவிடுவேன், என்றேன்.
போகிற வழி மாறினால் அழுவானா?
பஸ் வேறு தெருவில் திரும்பினால் வயிறு புரளும், என்றேன்.
டாக்டர் பேனாவை மூடினார்.
"வியாழக்கிழமை நீங்க தனியா வாங்க."

மூன்று வியாழக்கிழமைகள் கழித்து
ஆட்டிசம் என்றார்.
எத்தனை பிரிக்ஸ் என்று கேட்டேன்.
சிரித்தார். நான் வேடிக்கைக்குக் கேட்கவில்லை.
இதற்கு ஒற்றைக் கோடு கிடையாது,
ஒன்றில் பதினெட்டு இருக்கும், இன்னொன்றில் நாலு, என்றார்.
எனக்கு அது பிடிக்கவில்லை.
மாம்பழமாக இருந்தால்
அந்த லோடைத் திருப்பி அனுப்பியிருப்போம்.

கிளம்பும்போது சொன்னேன்,
இந்த ட்யூப்லைட் இரைகிறது.
அவருக்குக் கேட்கவில்லை.
கேட்காமலே எழுந்துபோய் அணைத்தார்.
என் தோள்கள் இரண்டும்
காதுவரை ஏறியிருந்தது
அவை இறங்கியபோதுதான் தெரிந்தது.

டவுன் பஸ்ஸில் பதினோரு பதில்கள் தயார் செய்தேன்,
மேலாளர் சென்னகேசவன் ஏன் என்று கேட்டால் சொல்ல.

மறுநாள் ஆய்வகத்தில்,
"ரெண்டாவது ட்யூப்லைட்ட நிறுத்திக்கலாமா?"
"ஏம்மா?"
"சத்தம்."
அண்ணாந்து பார்த்தார்.
"ஒண்ணும் கேக்கலியே" என்றபடி நிறுத்தினார்.

ஜன்னல் வெளிச்சத்தில் கோடு பதினாறில் நின்றது.
பத்து பதில்கள் மிச்சம்.
மாமியாருக்கென்று
ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன்.