நாலடி அகலம்

பெருந்துறை ரோட்டு ஷோரூமில்
அஞ்சடி ரோட்டவேட்டரைத் தட்டிக் காட்டினான் விற்கிற பையன்.
ஆரஞ்சுப் பெயிண்ட், என் மூஞ்சி தெரிந்தது அதில்.
"நாலு ரவுண்டுல காடே முடிஞ்சுருமுங்க்கா."
மச்சாண்டார் தலையாட்டினார்.
அவருக்கு எதுவும் பெருசாக இருந்தால் சரி.
அவர் கட்டிய தண்ணித் தொட்டி
இன்னும் ஒருக்காகூட நிறைந்ததில்லை.

முந்தானையிலிருந்து சணல் கயிற்றை எடுத்தேன்.
ராத்திரியே அளந்து முடிந்தது.
பின் டயரின் வெளியோரம் முதல் மறு வெளியோரம் வரை
மூணடி எட்டங்குலம்.
டயர் மிதித்த தடம்
மிதித்தபடி கிடக்கக் கூடாது,
பின்னால் வருவது அதையும் தின்றுகொண்டு வரணும்.
அந்தப்பக்கம் ரெண்டங்குலம், இந்தப்பக்கம் ரெண்டங்குலம்.
போதும். நாலடி.
இருபத்திரண்டு குதிரை வண்டிக்கு
அஞ்சடியைக் கட்டினால்
வண்டி உழாது, அழும்.

"செயினா, கியருங்களா?"
வெங்கச்சாங்கல் காடு தம்பி எங்களுது,
கியரே போடு.
ரெண்டு கெடாரிக் கன்றும் ஒரு சீட்டும்
ரசீதாக மடிந்து பைக்குள் போயின.

மழை விட்ட மூணாம் நாள்
மண்ணை உருட்டி இடுப்புயரத்திலிருந்து போட்டேன்.
தட்டையாக அப்பிக்கொண்டது.
வண்டியை எடுக்கவில்லை.
மச்சாண்டார் பொழுதுக்கும் முணுமுணுத்தார்.
நாலாம் நாள் போட்டேன்,
உதிர்ந்தது.

ஒண்ணாம் கியர்.
கத்தி சுற்ற ஆரம்பித்த பிறகுதான்
மெள்ள இறக்கணும்,
குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி என்று சொல்லலாம்,
ஆனால் இது இருபத்துநாலு கத்தி வைத்த குழந்தை.

ரெண்டாம் சாலில்
சுருட்டாமல் விட்ட சொட்டுநீர்க் குழாய் ஒன்று
சரசரவென்று சுற்றிக்கொண்டது.
வண்டியை அணைத்து
சாவியைப் பிடுங்கி ஜாக்கெட்டுக்குள் சொருகி
அரை மணி நேரம் அருவாளால் அறுத்தேன்.
திட்டினேன், குழாயைத்தான்.

பின் தகட்டை முழுக்க இறக்கினால்
மண் மாவாகிவிடும்,
அடுத்த மழைக்கு அப்பளமாகக் காயும்.
மஞ்சள் முளைக்க மூச்சு வேணுமல்லவா,
ஒரு கொக்கி மேலே மாட்டினேன்.

அப்புறம் கிழக்குப் பொழி.

டக்.

தண்டு சுற்றுகிறது, கத்தி நிற்கிறது.
இறங்கிப் பார்த்தேன்.
பத்து ரூபாய் போல்ட்
ரெண்டு துண்டு.
உடைவதற்கென்றே மாட்டுவது அது;
அது உடைந்தால் கியர்பெட்டி தப்பும்.

கையால் மண்ணை விலக்கினேன்.
முக்கோணம் செதுக்கிய தலை.
அத்துக்கல்.
பதினோரு வருசமாகக் கோபி கோர்ட்டில்
"அப்படியொரு கல்லே கிடையாது" என்று
நாங்கள் சொல்லிவருகிற கல்.
பொழியிலிருந்து எங்கள் பக்கம் நாலடி உள்ளே.

நாலடி.
நான் அளக்கவே வேண்டியிருக்கவில்லை,
கருவியைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன்,
அச்சாக அதே அகலம்.

யாருமில்லை. தூரத்தில் ஒரு கொக்கு.
மண்ணைத் தள்ளிவிட்டால் முடிந்தது காரியம்.
போல்ட் துண்டு கைக்குள் இன்னும் சூடாக இருந்தது.
பங்காளிகள் பிரிந்தபோது
இப்படி ஒன்றை எங்கள் நடுவில்
யாரும் மாட்டவில்லை.
ஒடிந்ததெல்லாம் பெரிய பெரிய சாமான்.

குன்னத்தூர் போய் ரெண்டு போல்ட் வாங்கிவந்தேன்.
கல்லுக்கு இந்தப்பக்கமாகவே
கடைசிச் சாலை ஓட்டி முடித்தேன்.
நாலடிக் கோரை
அப்படியே நின்றது, பச்சையாக,
ஊருக்கே தெரிகிற மாதிரி.
மச்சாண்டார் அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

மறுநாள் விடியக்காலம்
சென்னியப்பன் வந்து கல்லோரம் நின்றான்.
கல்லைப் பார்த்தான். கோரையைப் பார்த்தான்.
பதினோரு வருசம் பேசாத வாய்,
ரெண்டு தரம் கனைத்துக்கொண்டு கேட்டது:

"மணிக்கு எவ்வளவுங்க வாங்கறீங்க?"