மஞ்சள் குழாயில் ஒரு கீறல்

மைனஸ் முப்பத்தொன்று.
எட்மன்டனின் வடகிழக்கில், ஒரு பேக்கரிக்கும்
மூடிப்போன டயர் கடைக்கும் நடுவே
தரை இரும்பாகிக் கிடக்கிறது.
பனிமேல் வண்ணக் கோடுகள்:
சிவப்பென்றால் மின்சாரம், ஆரஞ்சு தொலைபேசி,
மஞ்சள் எரிவாயு.
கோடு சொல்வதெல்லாம் "ஏறக்குறைய இங்கே".
அந்த ஏறக்குறையவில்தான் ஆட்கள் சாகிறார்கள்.

ஓரெஸ்ட் ஹ்னாட்டியுக்
பேக்ஹோவின் கையை மடக்கிவைத்துக் காத்திருக்கிறார்.
"நாலு அள்ளில் முடிகிற வேலை, டெல்ஃபீன்.
உனக்கு அரை நாள்."
பொய்யில்லை.
அவர் அள்ளிய மண் பக்கத்திலேயே குவியும்,
சாயங்காலம் அதே குழிக்குத் திரும்பும்.
நான் எடுப்பது சேறு.
அதை லாரி வயிற்றில் சுமந்து முப்பது கிலோமீட்டர் போய்
காசு கொடுத்துக் கொட்டவேண்டும்,
குழியை மூட மணலை விலைக்கு வாங்கவேண்டும்.

தண்ணீர் மென்மையானது என்பவர்களுக்கு
என் இடது பூட்ஸைக் காட்டுவேன்.
போன மார்ச்சில் ஒரே ஒரு கணம் கை நழுவியது.
தோல் வாய் பிளந்து
உள்ளே இருந்த எஃகுத் தொப்பி பல்லிளித்தது.
அதற்குப் பிறகு
அழுத்தமானியைப் பார்க்காமல் விசையைத் தொட்டதில்லை.

பாய்லர் உறுமுகிறது.
கொதிநீர்க் கம்பியைச் செங்குத்தாகப் பிடித்து
வட்டம் வட்டமாகச் சுற்றுகிறேன்.
உறைபனி முதலில் முறைக்கிறது, பிறகு விரிசல் விடுகிறது,
பிறகு கறுப்பு மண், சரளை, சாம்பல் களி
எல்லாம் கூழாகி உறிஞ்சுகுழாயில் அலறிக்கொண்டு ஏறுகிறது.
என் இமைகளில் பனிக்கட்டி.
எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் பகல் காட்டுதல்.
புதைந்ததற்கு வெளிச்சம் காட்டுவது.
அதற்கு மேல் ஒன்றுமில்லை.

கோட்டிலிருந்து இரண்டு முழம் தள்ளி,
ஆளின் மார்பளவு ஆழத்தில்,
மஞ்சள்.

அழுத்தத்தைக் குறைத்துக் கழுவினேன்.
கிணறு வெட்டப் பூதம் வருமாமே,
எனக்கு வந்தது
ஒட்டுநாடா.
மின்கம்பிக்குச் சுற்றுகிற சாதாரணக் கறுப்பு நாடா,
பாதி உரிந்து.
அதன் அடியில் மூன்று கோடுகள்,
நடுக்கோடு ஆழம்.
எந்தப் பல் போட்டது என்று
இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டாம்.

அன்றைக்கு முதல் தடவையாக ஓரெஸ்ட் கீழே இறங்கினார்.
விளிம்பில் குந்தி வெகுநேரம் பார்த்தார்.
"தொண்ணூற்றெட்டு. அக்டோபர். மழை.
வாடை வரவில்லை. அதனால் மூடிவிட்டேன்."
பேச்சு வாயைவிட்டு வந்ததும் வெள்ளைப் புகையாய் நின்றது.

இருபத்தேழு குளிர்காலம்.
தினமும் அதிகாலை நான்கு மணிக்கு
அந்த நாடாவை நம்பி அடுப்புகள் எரிந்திருக்கின்றன.
ரொட்டி, பன், எத்தனை பிறந்தநாள் கேக்.

எரிவாயுக் கம்பெனி வந்து வால்வைத் திருகியது.
பேக்கரி மாரிவிக் அணைந்த அடுப்பைத் திட்டிக்கொண்டே
கடைசித் தட்டைத் தெருவுக்குக் கொண்டுவந்தாள்.
"ஆறுவதற்குள் தின்றுவிடுங்கள்."
ஆளுக்கு இரண்டு.
ஓரெஸ்ட் ஒன்றைக் கையில் வைத்திருந்தார்,
தின்னவில்லை.

படிவத்தில் ஒரு கட்டம்: சேதம் செய்தவர்.
பேனா மை உறைந்துவிடும், பென்சில்தான்.
நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன்.
அவர் கையுறையைக் கழற்றி
பென்சிலை வாங்கி
ஹ்னாட்டியுக் என்று தானே எழுதினார்,
குளிரில் கடைசி எழுத்து நடுங்கி.

துண்டை வெட்டிப் புதிது பொருத்த ராத்திரி ஏழாகிவிட்டது.
தோண்டத் தெரிந்த என் லாரிக்கு
மூடத் தெரியாது.
அவர்தான் பேக்ஹோவில் ஏறினார்.
விளக்கொளியில் மணலை அள்ளி,
பக்கெட்டைக் குழாய்க்கு ஒரு சாண் மேலே நிறுத்தி,
சாய்த்தார்,
இன்னும் கொஞ்சம் சாய்த்தார்.
உப்புப் போடுகிற கைபோல.

பல் எங்கும் படவில்லை.
அப்படியும் அவர் ஒருமுறை இறங்கி வந்து
டார்ச் அடித்துப் பார்த்தார்.