ஏழாம் எண் வண்டியில் மூன்று புத்தகங்கள்

பனி விழாத இரவுகளுக்கும்
சம்பளம் உண்டு எங்களுக்கு.
அசாஹிகாவா நகராட்சிக் கொட்டகையில்
மண்ணெண்ணெய் அடுப்பைச் சுற்றி ஆறு பேர்,
ஆறு டப்பா காபி.
ஐந்து பேர் உறங்குவார்கள்.
நான் என் வண்டியில் ஏறி
உள்விளக்கைப் போட்டுக்கொள்வேன்.

இந்த மாதம் மூன்று.

முதலாவது அந்தக் குண்டுப் புத்தகம்.
எண்ணூற்றுப் பன்னிரண்டு பக்கம்,
இன்னும் இரண்டு பாகம் பாக்கி.
நூறாண்டாக ஓயாத குளிர்காலம்,
எலும்புக் கிரீடம் சூடப்போகும் ராணி.
பத்தாயிரம் குதிரைகள்
ஒரே இரவில் கணவாயைக் கடக்கின்றன.
கடக்கட்டும்.
பாதையில் கிடந்த பனியை
யார் வாரியது?

டிராகன் பேசுகிறது, நம்புகிறேன்.
வாளுக்குப் பெயர் இருக்கிறது,
பிறந்தநாள்கூட இருக்கிறது,
அதையும் நம்புகிறேன்.
வாராத பனியில் குதிரை பாயுமென்றால்
மன்னிக்கவும்,
இருபத்திரண்டு வருடமாக எனக்கு இதுதான் வேலை.
முன்பக்கத்து வரைபடத்தில்
கணவாயின் ஓரம் பென்சிலால் குறித்தேன்:
"இங்கே வண்டி திருப்ப இடம் வேண்டும்."

ஆனால் செத்துப்போன தங்கையின் கையுறையை
ராணி போட்டுப் பார்க்கிறாள்.
சின்னது. பாதி உள்ளங்கையில் நின்றுவிடுகிறது.
கழற்றாமல் அப்படியே
அரியணைக்கு நடக்கிறாள்.
அங்கே மட்டும் கேள்வி எதுவும் கேட்கவில்லை நான்.
காபி ஆறிப்போயிருந்தது.

இரண்டாவது பெல்ஜியத்துச் சித்திரக்கதை.
தட்டு அகலத்துக்கு அட்டை,
மொழி மட்டும் எங்களுடையது,
கட்டங்கள் ஓடுவது அவர்கள் திசையில்.
என் கண்ணுக்கோ வலமிருந்து இடம்தான் பழக்கம்.
பதினோராம் பக்கத்தில்
துறைமுகத்தில் ஒருவன் குப்புறக் கிடந்தான்,
பிறகு எழுந்தான்,
குண்டு அவன் மார்பிலிருந்து கிளம்பி
துப்பாக்கிக்குள் போய் அடங்கியது,
அவன் சிகரெட் பற்றவைத்தான்.
எவ்வளவு நல்ல கதை என்று நினைத்தேன்.
தவறு தெரிந்து
சரியாகத் திரும்ப வாசித்தபோது
செத்துவிட்டான்.
இரண்டு நாள் அந்தப் புத்தகத்தைத் தொடவில்லை.

மூன்றாவதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.
பியானோ சுருதி சேர்ப்பவனின் மாங்கா,
ஒன்பதாம் பாகம்.
எட்டு பாகமாக அவனுடைய இடது காது
கொஞ்சம் கொஞ்சமாக மங்குகிறது.
நூற்று நாற்பதாம் பக்கத்தில்
ஒரு கட்டையை அழுத்துகிறான்.
பக்கத்தைத் திருப்பினால் வெள்ளை.
அடுத்ததும் வெள்ளை.
கட்டம் இல்லை, கோடு இல்லை,
மூலையில் பக்க எண்கூட இல்லை.
மூச்சை எங்கே வைப்பதென்று தெரியாமல்
தாளைத் தடவிப் பார்த்தேன்.

நான்காம் எண் வண்டிக் குரோசேயும் அதை வாங்கியிருந்தார்.
அச்சுப்பிழை என்று கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.
கடைக்காரப் பையன் தலைகுனிந்து
வேறு பிரதி எடுத்துக் கொடுத்தான்.
அதிலும் வெள்ளை. அதையும் திருப்பினார்.
மூன்றாவதைப் பிரித்துப் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல்
வீட்டுக்குப் போனாராம்.
நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.
அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

நேற்று இரண்டு மணிக்கு அழைப்பு வந்தது.
முப்பது சென்டிமீட்டர், இன்னும் கொட்டுகிறது.
ஆறு வண்டிகளும் கிளம்பின.
பாலத்துக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் அவர்.
நான்கு மணி இருக்கும்,
வயர்லெஸ்ஸில் குரோசே:
"ஏழு, கேட்கிறதா?"
"கேட்கிறது."
"அது அச்சுப்பிழை இல்லை, இல்லையா?"
"இல்லை."

கரகரவென்று வெறும் இரைச்சல்.
வைப்பர் இரண்டு முறை போய்வந்தது.

"பத்தாவது எப்போது வருகிறது?"
"தேதி இல்லை.
வரைகிறவருக்கு மணிக்கட்டு வலியாம்."
"எந்தக் கை?"
எனக்குத் தெரியவில்லை.
தெரியவில்லை என்றேன்.
அவர் கலப்பையை இறக்கும் சத்தம்
ஆற்றைத் தாண்டிக் கேட்டது.