பூனைக்குச் சளி

கானாடுகாத்தானில் இந்த வீட்டுக்கு வருகிறவர்கள்
முதலில் அண்ணாந்துதான் பார்ப்பார்கள்.
பர்மாத் தேக்கு, விட்டத்து மூலையில் மரக்கிளி,
கழுத்து வலிக்கும்வரை படம் எடுப்பார்கள்.
சேவுகமூர்த்தி வந்ததும் மண்டி போட்டான்.
ப்ளஸ் ஒன் பையன். பள்ளிக்கூடப் பேண்ட் அழுக்காக
மூன்று வயதின் உயரத்தில்
முகப்பிலிருந்து இரண்டாங்கட்டுவரை தவழ்ந்தான்.

கிடைத்தது:
ஒரு பொத்தான் பேட்டரி,
ஊஞ்சலுக்கடியில் வேப்பங்கொட்டை அளவு கண்ணாடிச் சில்லு,
முற்றத்து அண்டாவில் பாதிவரை மழைத்தண்ணீர்.
"ஒரு சாண் தண்ணி போதும்க்கா" என்றான்.
எதற்குப் போதும் என்று சொல்லவில்லை.
அண்டாவை இருவருமாகக் கவிழ்த்தோம்.

நாலு வருஷமாக இந்த வீட்டுக்குக் காவல் நான்.
ஒட்டடை அடித்திருக்கிறேன், தரையில் முகம் தெரியத் துடைத்திருக்கிறேன்.
ஒருநாளும் தவழ்ந்ததில்லை.

பெண்பிள்ளை வரும் என்று நினைத்திருந்தேன்.
மறைப்பானேன், தயங்கினேன்.
அவர் ஜொகூரில் கிரேன் மேலே இருக்கிறார்,
எனக்கு ஹோட்டல் வரவேற்பில் பத்தரை வரை வேலை,
தன்ஷிகாவுக்கு என்னை விட்டால் ஆளில்லை.
என் முகத்தைப் படித்துவிட்டுச் சொன்னான்:
"தயங்கணும்க்கா.
நம்புங்கன்னு யார் கேட்டாலும் நம்பக் கூடாது.
சொல்லாம கொள்ளாம பாதியில வந்து பாருங்க.
குளிப்பாட்டுறது உங்க வேலை, நான் செய்ய மாட்டேன்.
பாப்பாவும் நானும் மட்டும்னு ரகசியம் எதுவும் கிடையாது."
பள்ளத்தூர் பள்ளிக்கூடத்தில் ஆறு சனிக்கிழமை வகுப்பாம்.
ஒரு கை போன ரப்பர் பொம்மையை
முழங்கையில் குப்புறப் போட்டு
முதுகில் ஐந்து தட்டு, மறுபடி ஐந்து தட்டு;
எட்டுப் பேரும் மாறி மாறித் தட்டியதில்
பொம்மைக்கு முதுகுச் சாயமே போய்விட்டதாம்.
சிரித்தான். அப்போதுதான் பதினாறு வயது தெரிந்தது.

பிறகு அவன்தான் என்னைக் கேட்டான்.
வேர்க்கடலை ஒத்துக்குமா?
காஸை எங்கே அடைக்கணும்?
பயந்தால் எதைப் பிடிச்சுக்குவா?
யார் வந்தால் கதவு திறக்கலாம்?
"யார் வரப்போறா, நான்தான் வருவேன்."
"நீங்கதான்னு எப்படித் தெரியும்?"
சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.
அடையாளச் சொல் ஒன்று வேண்டுமாம்.
அதைத் தன்ஷிகா தேர்ந்தெடுத்தாள்,
மூவரும் அவள் சொல்லச் சொல்ல ஒப்பித்தோம்.

மூன்றாம் நாள், சொல்லாமல் கொள்ளாமல், வந்தேன்.
ஐப்பசி மழை. தெரு முழுக்கக் கரண்ட் இல்லை.
போன் செத்திருந்தது.
முழ நீளச் சாவி உள்ளே அவனிடம்.
இரும்பு வளையத்தைத் தட்டினேன்.
தேக்குக்கு அந்தப் பக்கத்திலிருந்து,
கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல,
"யாரு?"
"நான்தான்ப்பா."
"நான்தான்னா?"
"தன்ஷி அம்மா! நனையிறேன், திற!"
"சொல்லு சொல்லுங்க."

மறந்துவிட்டது.
ஆதார் எண் தெரியும், அவருடைய பாஸ்போர்ட் எண் தெரியும்,
ஹோட்டலின் பதினாலு அறைக்கும் கட்டணம் தெரியும்.
மழை முதுகில் தட்டுகிறது, ஐந்து, மறுபடி ஐந்து.
கோபம் வந்தது. இந்த வீட்டுக் கதவு, என் பிள்ளை,
நேற்று வந்த பயல்.
கோபத்துக்கு அடியில் வேறொன்று
மெல்லக் காய்ந்து உட்கார்ந்துகொண்டிருந்தது.
"பூனை?" என்றேன்.
"பூனைக்கு என்ன?"

"பூனைக்குச் சளி!"
எதிர் வீட்டு நாய் குரைத்தது.
யாரோ ஜன்னலைத் திறந்து மூடினார்கள்.
"பூனைக்குச் சளிடா!"

தாழ்ப்பாள் மூன்றும் ஒவ்வொன்றாக விலகின.
டார்ச்சைத் தரையைப் பார்க்கப் பிடித்திருந்தான், என் கண் கூசாமல்.
துண்டு நீட்டினான். நோட்டு நீட்டினான்.

7.40 இட்லி ஒன்றரை. சட்னி வேண்டாம் என்றாள்.
8.05 அம்மா எப்ப வரும் என்று அழுகை. 4 நிமிடம். சிவப்புத் துண்டு கொடுத்தேன்.
8.50 தூங்கிவிட்டாள். இடப்பக்கம்.
9.10 கரண்ட் போனது. மெழுகுவர்த்தி ஏற்றவில்லை.
9.22 கதவு தட்டும் சத்தம். திறக்கவில்லை.

ஈரக் கையோடு நான் படித்துக்கொண்டிருக்கும்போதே
பேனாவை வாங்கி, கடிகாரத்தைப் பார்த்து, எழுதினான்:

9.27 திறந்தேன்.