அடைப்புக்குறி போடாத பெயர்

மாட்டுத்தாவணிப் பூமார்க்கெட், காலை நாலரை.
கமிஷன் கடையில் ஈரச் சாக்கின்மேல் என் லேப்டாப்.
தராசின் வயிற்றிலிருந்து ஒரு கேபிள்.

நான் எழுதிய அடுக்கும் ஃபங்ஷனுக்கு
மல்லி தெரியாது, சம்பங்கி தெரியாது.
எங்கே தொடக்கம், மொத்தம் எத்தனை,
ஒவ்வொன்றும் எத்தனை பைட் அகலம்,
இவ்வளவு சொன்னால் போதும்.
வகை துறந்த பாயிண்டரைப் பிடித்துக்கொண்டு
கதவெண் பார்த்தே தெருவைக் கடந்துவிடும்.
உள்ளே யாரென்று எட்டிப் பார்க்காது.

எது முன், எது பின்?
அதை மட்டும் வெளியே கேட்கும்.
அதற்கென்று இன்னொரு ஃபங்ஷன் எழுதி
பெயரை மட்டும் கொடுத்துவைத்தேன்.
அடைப்புக்குறி போட்டால்
இப்போதே கூப்பிட்டதாகிவிடும்.
போடாத பெயர், நம்பர் கிறுக்கிய துண்டுச்சீட்டு:
வேண்டும்போது அடி, எடுக்கிறேன்.

நேற்று அகலத்தில் பிசகினேன்.
ஒரு சீட்டு இருபத்துநாலு பைட்.
பாயிண்டரின் எட்டைக் கொடுத்திருந்தேன்.
முதல் மூன்றிலொரு பங்கு துண்டுதுண்டாய் இடம் மாறி
எலியார்பத்திக்காரர் பெயரின் வால்
வலையங்குளத்து எடைக்குள் நுழைந்தது.
பிச்சி நாற்பது டன் என்றது திரை.
"லாரிய எங்கம்மா நிப்பாட்ட?" என்றார் கணக்கர் சௌந்தரபாண்டி.

இன்று அகலம் சரி.
கனத்த மூட்டைக்கே முதல் ஏலம்;
பிந்தினால் விலை இறங்கும், மார்கழியிலும்.
பின்னியக்கா திரையைத் தட்டினார்:
"எனக்கு ஆறு இருநூறு. அவருக்கு அஞ்சு எண்ணூறு.
எம் பேரு எப்பிடிக் கீழ போச்சு?"

தேடினேன்.
அடுக்கும் கையில் குற்றமில்லை.
அது என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறது.
நான் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து
மிச்சத்தை முழு எண்ணாய்த் திருப்பியிருக்கிறேன்.
நானூறு கிராம் வாசற்படியிலேயே உதிர்ந்து
பூஜ்யம்.
இருவரும் சமம் என்றது நான்தான்.

கழிப்பதை விட்டேன்.
பெரிதா, சிறிதா, இரண்டையும் தனித்தனியே கேட்டேன்.
ஒரே வரி. அடுக்கும் ஃபங்ஷனில்
ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை.
பின்னியக்கா மேலே ஏறினார், சிரிக்கவில்லை,
மூட்டையைத் தூக்கப் போய்விட்டார்.

சௌந்தரபாண்டி ஸ்டூலை இழுத்துப்போட்டார்.
"இதே மிஷின்ல, முன்பணம் யாரு நெறைய
பாக்கி வச்சிருக்கானோ, அப்பிடி அடுக்க முடியுமா?
அவன் மூட்டைய கடைசில வைக்கலாம்ல."

முடியும்.
வேறொரு பெயரைக் கொடுத்தால் போதும்.
எதை அடுக்குகிறோமென்று கேட்காமல்
அதையும் அடுக்கும்.

டீ ஆறிக்கொண்டிருக்கிறது.
அந்தப் பெயரை நான் இன்னும் எழுதவில்லை.